கறுப்பு மூலை

எண்ணூரில் ஒரு வார்ப்படத் தொழிற்சாலையில் ஃபிட்டராக இருந்த டில்லிபாபு, மூன்று வருடமாக அங்கே செஸ்ஸில் யாரிடமும் தோற்றதில்லை. சாப்பாட்டு நேரம் அரை மணி. பலகை ஒன்று, காத்திருப்பவர்கள் பத்துப் பேர். அதனால் ஒரு காய் குறைந்தவன் தானாகவே ராஜாவைப் படுக்க வைத்துவிட்டு எழுந்துவிடுவான். அங்கே ஓர் ஆட்டமும் முடிவுவரை ஆடப்பட்டதில்லை.

2001 ஜூன், ராயபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் மாவட்டத் தேர்வுப் போட்டி. மாவட்ட அணியில் மிச்சமிருந்தது ஒரே இடம். கடைசிச் சுற்றில் ஜெயித்தால் டில்லிபாபு மாநிலப் போட்டிக்கு நாகர்கோவிலுக்குப் போவான். டிரா ஆனால் எதிரே உட்கார்ந்திருந்த சைமா போவாள். வண்ணாரப்பேட்டைப் பெண், கல்லூரியில் இரண்டாம் வருடம்.

அவனுக்கு, மூலைவாட்டில் ஓடும் மந்திரி ஒன்று அதிகம். நடுவில் ஒரு சிப்பாய், வலது ஓரத்தில் ஒரு சிப்பாய். அவளிடம் ராஜாவும் ஒரே சிப்பாயும்தான். கை கொடுத்துவிட்டு எழுந்து போவாள் என்று காத்திருந்தான். அவள் அசையவில்லை. மரியாதை தெரியாத பெண் என்று நினைத்துக்கொண்டான். துணைக்கு வந்திருந்த தவசிமுத்து தூரத்திலிருந்து கட்டைவிரலைக் காட்டினான்.

அவள் தன் சிப்பாயை நடுச் சிப்பாயின் வாய்க்குள்ளேயே தள்ளினாள். கை ஓங்கியிருந்தால் வெட்டிக்கொண்டே போ என்பது தொழிற்சாலைப் பாடம். வெட்டினான். அவள் ராஜா திருப்பி வெட்டியது. போனால் போகிறது, ஓரத்தில் இன்னொன்று இருக்கிறதே.

அவள் ராஜா திரும்பி, அந்த ஓரச் சிப்பாய் போய் ராணியாக வேண்டிய வலது மூலையைப் பார்த்து நடந்தது. போய் உட்கார்ந்தது.

டில்லிபாபு சிப்பாயை ஏற்றினான். தன் ராஜாவைக் கொண்டுவந்தான். மந்திரியை மூலைக்கு மூலை ஓட்டினான். அவள் மூலையிலிருந்து ஒரு கட்டம் நகர்வாள், மறுபடி மூலைக்கு வருவாள். இறுக்கினால் அவளுக்கு நகர இடமே இல்லாமல் போகிறது. அதுவும் டிராதான். இருபது நகர்த்தல்கள் போயின. காது சுட்டது.

பிறகுதான் பார்த்தான். அவன் மந்திரி வெள்ளைக் கட்டங்களில் மட்டுமே ஓடுவது. மூலை கறுப்பு. மந்திரி ஆயுள் முழுக்க ஓடினாலும் அந்தக் கட்டத்தைத் தொடாது.

டிராவுக்குக் கை நீட்டினான். நாகர்கோவில் போய்விட்டது என்று புரிந்தது. ஆனால் எழுந்திருக்க முடியவில்லை.

"தெரிஞ்சேதான் சிப்பாயக் குட்த்தியாம்மா?"

"ஆமாண்ணா. அது ஒண்ணுதான் வழி இருந்திச்சு," என்றாள் அவள், எழுந்து நின்று பலகையைப் பார்த்தபடியே. "நீங்க வெட்டாம ராஜாவ நகர்த்திருந்தா நான் காலி."

டில்லிபாபு ஓரச் சிப்பாயை ஒரே ஒரு கட்டம் இடப்பக்கம் நகர்த்தி வைத்துத் தனியாக ஆடிப் பார்த்தான். கொஞ்ச நேரத்தில் ஜெயித்தான். பழைய இடத்தில் வைத்தான். முடியவில்லை. மறுபடி வைத்தான். முடியவில்லை. உடம்பில் மயிர் சிலிர்த்தது.

நாற்காலிகளை மடிக்கத் தொடங்கியிருந்தார்கள். பஸ் போய்விடும் என்றான் தவசிமுத்து.

"இரு மாமு," என்றான் டில்லிபாபு. "இத்தினி நாளா இது பலகையிலியே இருந்துகினு கீது."

சைமா மெல்லத் தன் நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டு மறுபடி உட்கார்ந்தாள்.