காலரில் தொடங்கிய கவுன்

பெல் அடித்து தையல் லைன் மொத்தமும் ஓய்ந்த பிறகும் அவள் கால் மிதியைவிட்டு எழும்பவில்லை. கையிலிருந்த கடைசி காலரைத் திருப்பி, முனையைக் குச்சியால் குத்திவிட்டு, நகத்தால் ஒரு நீவு நீவி அடுக்கின்மேல் போட்டாள். அப்புறம்தான் மெஷினை அணைத்தாள்.

அந்தத் தளத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் தங்குவதில்லை. எதைத் தைக்கிறார்களோ அதுவே பெயர். முன்னால் இருப்பவள் பாக்கெட், ஓரத்தில் காஜா, இவள் காலர். கல்யாணமான புதிதில் வந்து உட்கார்ந்தவள், இன்றுவரை காலர்தான். முழுச் சட்டை ஒன்றைக்கூடத் தைத்ததில்லை என்று வெளியே சொன்னால் எவரும் நம்பமாட்டார்கள். பிள்ளைக்குச் சட்டை தைத்துக் கொடு என்று துணியோடு வந்த பக்கத்து வீட்டுக்காரிகளிடம் என்னென்ன புளுகெல்லாம் சொல்லித் தப்பித்திருக்கிறாள்!

"வாங்கடி, டீச்சர் வந்திருப்பாங்க" என்று பாக்கெட்டையும் காஜாவையும் இழுத்துக்கொண்டு கேன்டீனுக்கு ஓடினாள்.

அங்கே சனிக்கிழமைதோறும் டிசைன் வகுப்பு. கம்பெனியே ஏற்பாடு செய்தது. வகுப்பு முடியும்போது ஆளுக்கொரு உடுப்பு சொந்தமாக யோசித்துத் தைத்து வரவேண்டும். எது நன்றாக இருக்கிறதோ, அதைத் தைத்தவளுக்குச் சாம்பிள் ரூமில் இடம். புது மாடல் வந்தால் முதல் உடுப்பைத் தைத்துப் பார்க்கிற அறை அது. ஜன்னல் உண்டு. முதுகு சாய நாற்காலி உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, ஒரே ஆள் ஓர் உடுப்பை முழுசாகத் தைக்கலாம்.

டீச்சர் இப்போதுதான் காலேஜ் முடித்த சின்னப் பெண். மேஜைமேல் ஒரு சிவப்புத் துணியையும் ஒரு பச்சைத் துணியையும் விரித்து, ஒவ்வொன்றின் நடுவிலும் ஒரு சாம்பல் துண்டை வைத்தாள்.

"எந்தச் சாம்பல் அழுத்தமான கலர்?"

ஆளாளுக்குக் கத்தினார்கள். டீச்சர் சிரித்துக்கொண்டே சாம்பல் துண்டுகளை எடுத்து ஒன்றோடொன்று ஒட்டிக் காட்டினாள். இரண்டும் ஒரே துணி. காலர் எழுந்து போய்த் தானே எடுத்து வைத்துப் பார்த்தாள். மறுபடி எடுத்தாள். மறுபடி வைத்தாள்.

"அடப்பாவி! இத்தனை நாளா இந்தக் கண்ண நம்பியா குடும்பம் நடத்திட்டிருந்தேன்?"

கேன்டீனே சிரித்தது.

வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் பார்த்தாள். ஈரச் சுவர் ஒரு நிறம், காய்ந்த சுவர் ஒரு நிறம். பஸ் சீட்டில் ஆள் உட்கார்ந்து உட்கார்ந்து தேய்ந்த இடம் வேறொரு நிறம். இதையெல்லாம் யாரிடமாவது சொல்லாவிட்டால் தலை வெடித்துவிடும்போல இருந்தது. அவள் புருஷன் அதே கம்பெனியில் இஸ்திரி போடுகிறவன். வாசலில் செருப்பைக் கழற்றும் முன்பே அவனைப் பிடித்துக்கொண்டாள்.

"ஏங்க, உங்க சட்டை வெள்ளையே இல்லைங்க! மஞ்சள்!"

"துவைக்கிறது யாராம்?" என்றான் அவன்.

மறுவாரம் கட்டிங் மாஸ்டரிடம் போய் நின்றாள். துணி ரோல் வரும்போதெல்லாம் நுனியில் ஒரு முழத்துக்கு வெட்டி, பக்கத்தில் பக்கம் வைத்து, நிறம் ஒத்துப்போகிறதா என்று பார்ப்பார்கள். பார்த்த பிறகு அது குப்பை. "ஒரு மூட்டை எடுத்துக்கட்டுமா அண்ணே?" என்றாள். "தாராளமா எடுத்துட்டுப் போம்மா, எனக்கும் இடம் காலியாகும்" என்றார் அவர்.

வீட்டுத் தரை முழுக்க நீலம். எல்லாம் ஒரே நீலம் என்று ஆர்டர் கொடுத்து வாங்கிய துணிதான். ஆனால் ஒன்றுபோல் ஒன்றில்லை. வெளுத்ததிலிருந்து கறுத்தது வரை வரிசையாக அடுக்கினாள். இந்த வித்தியாசத்துக்காகத்தானே பண்டில் பண்டிலாகத் திருப்பி அனுப்பித் திட்டு வாங்க வைக்கிறார்கள்! பக்கத்தில் பக்கம் வைத்தால் என்ன அழகு! புருஷன் சுவரோரமாக ஒட்டிக்கொண்டு அடுப்படிக்குப் போனான். மகளுக்கு ஒரு கவுன். தோளில் கறுநீலம், கீழே வர வர வெளுப்பு. முடிவாகிவிட்டது.

கத்தரியை எடுத்தாள். தைத்தாள். தலை நிமிர்ந்தபோது கையில் காலர் இருந்தது. உடம்பும் இல்லை, கையும் இல்லை, வெறும் காலர். மேலே கறுநீலம், அடியில் வெளுத்த நீலம், முனை இரண்டும் ஊசிபோல. மற்றவர்கள் கடைசியில் வைப்பதை இவள் முதலில் முடித்துவிட்டாள். அதுவும் கை பழகிய அளவில், தடித்த ஆம்பளைக்கு ஆகிற காலர். கவுனைத் தைத்து முடித்து மகள் கழுத்தில் வைத்துப் பார்த்தால், காலர் தோளைத் தாண்டித் தொங்கியது.

"அம்மா, இதுல அப்பாவும் என்கூட நுழையலாம்" என்றாள் மகள்.

காலருக்கு அழுகையே வந்துவிட்டது. கறுநீலத்தில் இன்னொரு காலருக்குத் துணி இல்லை. வெட்டிக் குறைக்கவும் மனசு வரவில்லை. கொஞ்ச நேரம் அதை மடித்துப் பிரித்து, மடித்துப் பிரித்து உட்கார்ந்திருந்தாள். விறைப்புத் துணி உள்ளே வைக்காததால் மெத்தென்று மடிந்தது. சட்டென்று குண்டூசிகளை வாயில் கவ்விக்கொண்டாள். சுற்றிலும் விசிறி மடிப்பாக மடித்து, கழுத்தளவுக்கு அடக்கித் தைத்தாள்.

"திரும்புடி."

மகள் தலையைத் திருப்பினாள். மடிப்பு விரிந்து உள்ளேயிருந்த வெளுத்த நீலம் எட்டிப் பார்த்தது. நேராகப் பார்த்ததும் மறைந்துகொண்டது.

"இன்னொரு தடவை திரும்பு! என்னங்க, இங்க ஓடி வாங்க!"

கரண்டியும் கையுமாக வந்தவன் மகளை ஒரு சுற்றுச் சுற்றி வந்தான். "நீயா தைச்ச?" என்றான். அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

டீச்சர் கவுனைப் பார்த்ததும் போட்ட கூச்சலில் கேன்டீன் ஆட்கள் எட்டிப் பார்த்தார்கள். "அக்கா, இதை எனக்கு யாரும் சொல்லித் தரலையேக்கா!" என்று கட்டிக்கொண்டாள். மேனேஜர் வந்தார். ஆர்டர் கொடுக்கிறவர்கள் வந்தார்கள், போட்டோ எடுத்தார்கள், உள்ளும் புறமும் திருப்பினார்கள். காஜா அவள் இடுப்பில் கிள்ளி, "சாம்பிள் ரூம் போனதும் எங்களை மறந்துடாதடி" என்றாள்.

கவுனுக்கு ஆர்டர் விழுந்தது. பெரிய ஆர்டர். லைன் சூப்பர்வைசர் சிரித்த முகமாக அவள் மெஷினுக்கே வந்தார்.

"உன்னாலதான்மா இந்த சீசன் நம்ம லைனுக்கு வேலை."

"சாம்பிள் ரூமுக்கு எப்ப சார் வரணும்?"

"அதுக்கு வெளியிலேருந்து ஒரு ஆளைப் போட்டாச்சும்மா. உன்ன விட்டா அந்த மடிப்பு காலரை டார்கெட்டுக்கு அடிக்க இங்க யார் இருக்கா, நீயே சொல்லு?"

யாரும் இல்லை என்பது நிஜம்தான்.

அன்று வீட்டில் மகள், "என் கவுன் எப்பம்மா வரும்?" என்றாள். "ஆபீஸ்ல பார்த்துட்டுத் தருவாங்க" என்றாள் காலர். அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டு ஒரு பாட்டம் அழுதும் தீர்த்தாள்.

இருந்தாலும் துணி வந்திறங்கிய காலையில் அவளுக்கு இருப்புக்கொள்ளவில்லை. அவள் அடுக்கிய அதே வரிசையில், அத்தனை நீலமும் ரோல் ரோலாக! மேல்துணி, அடித்துணி, மடிப்பு. மேல்துணி, அடித்துணி, மடிப்பு. தைத்துத் தள்ளினாள். பாக்கெட் திரும்பிப் பார்த்து, "பறக்கிறியேடி" என்றாள். காலர்கள் கூடையில் விழுந்து லைனின் கடைசிக்குப் போயின. அங்கே போய்த்தான் அவை கவுனாகும்.

சாப்பாட்டு நேரத்தில் அதைப் பார்க்கத்தான் எழுந்து போனாள். முடிந்து வந்த கவுனில் மடிப்பு கொஞ்சம் தூக்கிக்கொண்டு நிற்பதுபோல் பட்டது. மகளின் கவுனில் அப்படி இல்லையே! அந்தக் கவுன் இப்போது லைனின் தலைமாட்டில் கண்ணாடிக் கவருக்குள் தொங்கியது. இதைப் பார்த்துத்தான் மற்றதெல்லாம் தைக்கவேண்டும் என்று கழுத்தில் நூல் கோத்து, நூலில் சிவப்பு முத்திரை வைத்திருந்தார்கள். கவரைத் தூக்கி, கையை உள்ளே விட்டு, காலரின் முதல் மடிப்பை விரலால் தொட்டாள்.

"அக்கா, அக்கா!" புதிதாகச் சேர்ந்திருந்த செக்கிங் பெண் ஓடி வந்தாள். கோபமில்லை, பதற்றம்தான். "கையை எடுங்கக்கா. அது சாம்பிள். நம்ம தைக்கிறவங்க தொடக்கூடாது."

காலர் கையை எடுத்தாள். விரலில் எண்ணெய் இல்லை, அழுக்கு இல்லை. ஆனாலும் ஏப்ரனில் ஒருமுறை துடைத்துக்கொண்டாள்.