அண்டா விழுந்த சத்தம்

ஜாசிம் பிறந்த அன்று அவன் தாத்தா குத்புதீன் குனிந்து அவன் வலது காதில் பாங்கு சொன்னபோது, ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்த அலிமா கண்களை இறுக மூடிக்கொண்டாள். பிள்ளையின் காதில் முதலில் போட வேண்டிய வார்த்தை அது. போட்டாகிவிட்டது. உள்ளே போய்ச் சேர்ந்ததா என்பதுதான் அவளுக்குத் தெரியவில்லை.

மூத்தவள் முஸ்கானுக்கும் இதே தாத்தா இதே மாதிரி பாங்கு சொன்னவர்தான். அவளுக்கு இப்போது ஏழு வயது. பிறவியிலேயே ஒரு சத்தமும் கேட்காது. அதைக் கண்டுபிடிக்கவே இந்தக் குடும்பத்துக்கு இரண்டு வருஷத்துக்கு மேல் ஆனது.

காரணம் பாத்திரம். உத்திரமேரூர் கடைத்தெருவில் குத்புதீனுக்குப் பாத்திரக் கடை. கீழே கடை, மேலே வீடு. பழைய கட்டடம், மாடித் தரை முழுக்க மரப்பலகை. குழந்தைக்குக் காது கேட்கிறதா என்று பார்க்க மற்றவர்கள் கை தட்டுவார்கள், கிலுகிலுப்பை ஆட்டுவார்கள். பாத்திரக் கடைக்காரர் அப்படிச் சில்லறையாகவா பார்ப்பார்? பெரிய அண்டா ஒன்றைத் தூக்கி வந்து முஸ்கானின் தலைமாட்டில் டமாரென்று போட்டார். குழந்தை திடுக்கிட்டு வீறிட்டது.

"பாத்தியா, இன்னா கூர்மை! எறும்பு நடந்தாகூட கேட்டுக்கும் போல கீது" என்று தெருவெல்லாம் பீற்றிக்கொண்டார். பேச்சு வரவில்லையே என்று கவலை வந்தபோதும் அண்டாதான் விழுந்தது. பெண் திரும்பிப் பார்த்தாள், எல்லோரும் நிம்மதியாகச் சாப்பிடப் போனார்கள். அவளைத் திருப்பியது பலகையின் அதிர்வு, சத்தம் இல்லை என்பது வெகு காலம் கழித்து ஆஸ்பத்திரியில் சொல்லித்தான் தெரிந்தது.

முஸ்கான் காஞ்சிபுரத்தில் காது கேளாத பிள்ளைகளின் பள்ளிக்கூடத்தில் சேர்ந்தாள். அங்கே ஒரு முறை சென்னையிலிருந்து மேரி என்ற டாக்டர் வந்து, பிள்ளைகளுக்கும் பெற்றோருக்கும் ரத்தம் எடுத்துப் போனார். சில மாதம் கழித்து முடிவைச் சொல்ல அலிமாவையும் அவள் கணவன் வஹாபையும் கூப்பிட்டு உட்காரவைத்தார். அலிமா வயிற்றில் அப்போது ஜாசிம் ஆறு மாதம்.

"காதுக்குள்ள நத்தை ஓடு மாதிரி ஒரு சுருள் இருக்கும்மா. அதுல மெல்லிசா மயிர் வெச்ச செல்லுங்க வரிசையா நிக்கும். சத்தத்தை வாங்குறது அதுங்கதான். கரு வளரும்போதே ஜீன் உத்தரவு போடும். நீ மயிர் செல்லா மாறு, பக்கத்துல இருக்கிற நீ அதைக் காப்பாத்துன்னு. உங்க குடும்பத்துல அந்த உத்தரவு ஒண்ணு தப்பா இருக்கு. உங்க ரெண்டு பேர்கிட்டயும் அதுல ஒரு நல்ல பிரதி, ஒரு கெட்ட பிரதி. நல்லது ஒண்ணு இருக்கிறதால உங்களுக்குக் கேக்குது. ரெண்டு பேரோட கெட்டதும் ஒரே பிள்ளைக்குப் போச்சுன்னா அதுக்குக் கேக்காது."

"அதெப்படி டாக்டர், ரெண்டு பேர்கிட்டயும் ஒரே தப்பு?" என்றான் வஹாப்.

"நீங்க சொந்தத்துல கட்டிக்கிட்டீங்களா?"

இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வஹாப் அலிமாவின் தாய்மாமன் மகன். என் தங்கச்சி பெண் அசல் வீட்டுக்குப் போகக் கூடாது என்று ஒற்றைக் காலில் நின்று முடித்துவைத்தவர் குத்புதீன்.

அலிமா வயிற்றைத் தொட்டுக் காட்டினாள். "இதுக்கு?"

"நாலுல ஒரு பங்கு பயம் உண்டு. காதுக்குள்ள கட்டுமானம் இந்நேரம் முடிஞ்சிருக்கும்மா. பொறந்ததும் சென்னைக்குக் கூட்டிட்டு வாங்க. மிஷின் வெச்சுப் பாத்துடலாம்."

முடிஞ்சிருக்கும் என்ற அந்த வார்த்தைதான் அலிமாவைப் பிடித்துக்கொண்டது. அப்படியானால் இனி எதைக் கேட்டு துஆ செய்வது? ஒவ்வொரு தொழுகையிலும் கை ஏந்திவிட்டு, கேட்க வாய் வராமல் அப்படியே முகத்தில் தடவிக்கொண்டாள்.

போதாததற்கு முஸ்கான் பள்ளியிலிருந்து வந்ததும் வராததுமாக அவள் வயிற்றில் கை வைப்பாள். தன் காதைக் காட்டுவாள், வயிற்றைக் காட்டுவாள், புருவத்தைத் தூக்குவாள். என்னை மாதிரியா என்று அர்த்தம். அலிமா பதறிப்போய், இல்லை, இல்லவே இல்லை என்று இரண்டு கையையும் ஆட்டுவாள். முஸ்கான் மெல்லக் கையை எடுத்துக்கொள்வாள். குழந்தையின் பயத்தைப் போக்கிவிட்டோம் என்று அலிமா நினைத்துக்கொண்டாள்.

பிள்ளை பிறந்த பிறகு சென்னைக்குப் போவது தள்ளிக்கொண்டே போனது. வஹாப் கேட்கும்போதெல்லாம் சளி என்றாள், வயிற்றுப்போக்கு என்றாள், மழை என்றாள். உண்மையில் அந்த மிஷின் சொல்லப்போகும் பதிலுக்குத்தான் அவள் பயந்தாள். தனியாக இருக்கும்போது "ஜாசிம்" என்று கூப்பிட்டுப் பார்ப்பாள். கூப்பிட்ட கையோடு முகத்தைத் திருப்பிக்கொள்வாள், அவன் திரும்பாததைப் பார்த்துவிடக் கூடாது என்று.

ஒரு நாள் குத்புதீன் மூச்சு வாங்க மாடியேறி வந்தார். கையில் அண்டா.

"வாணாம் மாமா!" என்று கத்தினாள் அலிமா. தாய்மாமனை எதிர்த்து அவள் குரல் உயர்ந்தது அதுதான் முதல் தடவை. "இன்னொரு தபா ஏமாற என்னால முடியாது!"

கிழவர் அண்டாவைச் சத்தம் வராமல் கீழே வைத்தார். "எல்லாம் என்னால வந்த வினை" என்றார். அண்டாவை அங்கேயே விட்டுவிட்டு இறங்கிப் போனார்.

ஜாசிமுக்கு நாலு மாதம் முடிந்ததும் வஹாபுக்குப் பொறுமை போய்விட்டது. "நாளைக்கு கார் சொல்லிட்டேன். பயந்துக்கினே எத்தினி நாள் கீறது?" என்று சொல்லிவிட்டுக் கடைக்கு இறங்கினான்.

மறுநாளைக்கான துணிகளைத் துவைத்துவிட்டு, கடைக்குப் பின்னாலிருந்த சிமெண்ட் முற்றத்தில் அலிமா ஜாசிமை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு கையைச் சப்பிக்கொண்டிருந்தான். முஸ்கான் பள்ளிக்கூடம் விட்டு வந்து, கதவுக்கு அந்தப் பக்கம் செருப்பைக் கழற்றியபடியே அம்மாவைக் கூப்பிட்டாள். "ம்மா... ஆ..." கரடுமுரடான, எங்கேயோ ஏறி எங்கேயோ இறங்கும் குரல். கடைக்கு ஆள் வந்தால் மெதுவாக என்று வீட்டில் எல்லோரும் விரலை உதட்டில் வைத்து அடக்கும் குரல்.

ஜாசிம் சப்புவதை நிறுத்தினான். தலை மெல்லக் கதவுப் பக்கம் திரும்பியது.

அலிமா குனிந்து தரையைப் பார்த்தாள். இது சிமெண்ட் தரை. பலகை இல்லை. எதுவும் விழவில்லை. முஸ்கான் கதவைத் தாண்டி வந்ததும் அலிமா அவளை அங்கேயே நிறுத்தி, திரும்பி மறைவுக்குப் போ, கூப்பிடு, உரக்கக் கூப்பிடு என்று கையால் கெஞ்சினாள். தன்னை யாரும் உரக்கக் கூப்பிடச் சொன்னதே இல்லை என்பதால் முஸ்கான் ஆச்சரியப்பட்டுச் சிரித்தாள். கதவுக்குப் பின்னால் போய்த் தொண்டை கிழியக் கூப்பிட்டாள். ஜாசிம் மறுபடி திரும்பினான். இந்த முறை பொக்கை வாயைத் திறந்து சிரித்தான்.

"மச்சான்! மாமா! கேக்குது! புள்ளைக்கு கேக்குது!"

வஹாபும் குத்புதீனும் ஓடி வந்தார்கள். அலிமா பிள்ளையை மார்போடு சேர்த்து அழுதாள். குத்புதீன் தோள் துண்டில் முகத்தைப் புதைத்துக் குலுங்கினார். வஹாப் பிள்ளையின் இரண்டு காதிலும் மாறி மாறி முத்தமிட்டான். இத்தனை மாதம் கட்டிவைத்த பயம் அத்தனையும் அந்த முற்றத்தில் கொட்டியது.

முஸ்கான் கதவருகில் நின்று, என்ன என்று தெரியாமலே அவர்களோடு சேர்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். பிறகு அம்மாவின் முந்தானையை இழுத்தாள். தன் காதைக் காட்டினாள். ஜாசிமைக் காட்டினாள். புருவத்தைத் தூக்கினாள்.

அழுதுகொண்டே, சந்தோஷத்தில் முன்யோசனையில்லாமல் அலிமா கையை ஆட்டினாள். இல்லை, இல்லவே இல்லை.

முஸ்கான் அம்மாவின் கண்ணீரைப் பார்த்தாள். அத்தா வஹாபைப் பார்த்தாள், தாத்தாவைப் பார்த்தாள். சிரிப்பு அவள் முகத்திலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் போனது. வயிற்றில் கை வைத்து அவள் அத்தனை நாள் கேட்டது பயத்தில் இல்லை, ஆசையில் என்பதும், இந்த வீடே நடுங்கிக்கொண்டிருந்தது இன்னொரு முஸ்கான் வந்துவிடுவாளோ என்றுதான் என்பதை இந்தச் சின்னப் பெண் இப்போது புரிந்துகொண்டாள் என்பதும் அலிமாவுக்கு உறைத்தது. போன பயத்தைவிடப் பெரிய பயம் ஒன்று அவளைப் பிடித்தது.

ஜாசிமை வஹாபிடம் கொடுத்துவிட்டு மகள் முன்னால் மண்டியிட்டாள். அவள் கன்னத்தைப் பிடித்து, தம்பியைக் காட்டி, கூப்பிடு, உன்னைத்தான் தேடுகிறான், இன்னொரு தடவை கூப்பிடு என்று கையால் சொன்னாள். அப்பன் தோளில் கிடந்த ஜாசிம் கழுத்தை நீட்டி, அந்தக் குரல் வந்த கதவையே பார்த்துக்கொண்டிருந்தான்.

முஸ்கான் விரலை உதட்டில் வைத்துக் காட்டிவிட்டு மாடிக்குப் போனாள்.