பேசுவதற்கு ஓர் அறை

நூலகரை எல்லோரும் ‘உஷ் அக்கா’ என்றுதான் சொல்வார்கள். வாசிப்புக் கூடத்தில் யாராவது தும்மினால்கூட நிமிர்ந்து பார்ப்பார். அவரிடம் ஒருநாள் காலை தையல்காரப் பெண் ஒருத்தி வசமாக மாட்டிக்கொண்டாள்.

நூலகத்தில் இரவல் தரும் லேப்டாப்பை வாங்கி, மூலையில் உட்கார்ந்து, திரையில் தெரிந்த அதிகாரியிடம் அவள் கிசுகிசுத்துக்கொண்டிருந்தாள். ஆடை நிறுவனம் ஒன்றில் மாதிரி தைக்கும் வேலைக்கு நேர்காணல். வீட்டில் இரட்டைப் பிள்ளைகளும் மாமனாரின் டிவியும் போட்டி போட்டதால் இங்கே தப்பி வந்திருந்தாள். அதிகாரிக்கோ ஒன்றும் விளங்கவில்லை. வேறு வழியின்றிக் குரலை உயர்த்தினாள். பேப்பர் படித்துக்கொண்டிருந்தவர்கள் அத்தனை பேரும் திரும்பினார்கள். உஷ் அக்கா எழுந்து வந்தார்.

“பத்தே நிமிஷம், அக்கா. வேற எங்க போறதுன்னு தெரியல,” என்றாள். கண் கலங்கிவிட்டது.

திட்டத்தான் வந்தார். ஆனால் மனசு வரவில்லை.

“அதைத் தூக்கிக்கிட்டு என் பின்னாடி வாம்மா.”

பழைய பத்திரிகைக் கட்டுகள் கூரைவரை அடுக்கிய அறைக்குள் அவளை உட்காரவைத்துக் கதவைச் சாத்தினார். காகிதக் குவியல் சத்தத்தை அப்படியே விழுங்கிவிட்டது. யாரும் உள்ளே போகாதபடி வாசலிலேயே நின்றார். வெளியே வந்தவளின் தலையெல்லாம் ஒட்டடை, முகமெல்லாம் சிரிப்பு. வேலை கிடைத்துவிட்டது.

விஷயம் பரவ எவ்வளவு நேரமாகும்? டாக்டரிடம் வீடியோவில் பேச ஒரு லாரி டிரைவர் வந்தார். கடல் கடந்து போன மகளிடம் மனம்விட்டு அழ ஓர் அம்மா வந்தாள். உஷ் அக்கா மேலிடத்தோடு மல்லுக்கட்டி, பத்திரிகைகளை ஸ்கேன் செய்து கணினியில் ஏற்றவைத்தார். காலியான அறைக்குச் சத்தம் வெளியே போகாத மெத்தைச் சுவரும் மேசையும் வந்தன.

நூலகம் சந்தைக்கடையாகிவிட்டது என்று அதிகமாகப் புலம்பியவர் ஓய்வுபெற்ற தபால்காரர். ஒரு மத்தியானம் அவரே தயங்கித் தயங்கி வந்தார். வெளியூர் மச்சானோடு போனில் பாட்டுப் போட்டியாம். வீட்டில் பாடினால் மனைவி விரட்டுகிறாளாம்.

உஷ் அக்கா சாவியைக் கொடுத்தார். உள்ளே போனவர் கதவைச் சரியாகச் சாத்தவில்லை. பாட்டு கூடம்வரை வந்தது. குரல் நன்றாகவே இருந்தது. போய்ச் சாத்த வேண்டும் என்று எழுந்தவர், சரணம் முடியட்டும் என்று நின்றுவிட்டார்.