காட்டெருதுக் கணக்கெடுப்பு

"காட்டு மிருகத்துக்குக் காய்ஞ்ச புல்லைக் கொட்டி வளர்க்குறீங்களா? எங்க ஊர்ல இதுக்கு அபராதம் போடுவாங்க!"

"அமெரிக்கக் காட்டெருதுகளைக் கோடிக்கணக்குல சுட்டுத் தள்ளிட்டு, கடைசி இருபத்துச் சொச்சத்தைக் காப்பாத்தின மகராசனுங்கதானே நீங்க?"

"நீங்க மட்டும் என்ன? இந்தக் காட்டுல ஒண்ணுகூட மிச்சம் வைக்காம, அப்புறம் மிருகக்காட்சிசாலைல போய்க் கை ஏந்தினவங்கதானே?"

மூன்று மாதத்துக்கு முன், போலந்தின் பியாவோவியேஜா காட்டில், பார்த்த முதல் நாளே யகோதாவும் எவரெட்டும் இப்படித்தான் முட்டிக்கொண்டார்கள். யகோதா காட்டெருதுகளுக்குப் பனிக்காலத் தீனி போடுகிறவள். எவரெட் அமெரிக்காவின் மொன்டானாக்காரன், இயற்கையைக் காத்ததில் அமெரிக்கா மேலா, ஐரோப்பா மேலா என்று அறிக்கை எழுத வந்தவன்.

பீட்ரூட் சூப் ஆறி அவலாகும்வரை ஓநாய்களைக் காப்பது பற்றி வாதாடுவார்கள். தேசியப் பூங்கா எங்கள் யோசனை என்பான் அவன். வேலிக்கு வெளியே மிச்சத்தையெல்லாம் உழுதுவிட்டீர்களே என்பாள் அவள். ஜெயிக்க இருவருக்கும் அவசரமில்லை.

இன்று கடைசிக் கணக்கெடுப்பு. இருவர் தனித்தனியே எண்ண வேண்டும். எண்கள் பொருந்தினால்தான் ஏட்டில் ஏறும். ஏறிவிட்டால் மதியப் பேருந்தில் அவன் கிளம்பிவிடுவான்.

குளிர் குறைவான ஆண்டு. எருதுகள் தீனி தேடிக் காட்டைவிட்டு வரவேயில்லை. பொறுத்துப் பார்த்த எவரெட், டிராக்டர் வண்டியில் ஏறித் தானே புல்லை அள்ளி வீசினான்.

"அபராதம் யாரு கட்டுறதாம்?" என்றாள் யகோதா.

"வாயை மூடிட்டு எண்ணும்மா. வருதுங்க பாரு."

வந்தன. அவன் நாற்பத்தேழு என்றான். அவள் நாற்பத்துமூன்று என்றாள். மறுபடி எண்ணினார்கள். அவன் நாற்பத்தேழு, அவள் ஐம்பது. மூன்றாம் முறை அவள் நாற்பத்தொன்றுக்கு வந்து நின்றாள்.

எவரெட் புல் அள்ளிய கவட்டைக் கழியை ஊன்றிக்கொண்டு அவளையே பார்த்தான்.

"பத்து வருஷமா எண்ணுற ஆளு நீ. மூஞ்சியைப் பார்த்தே இது எந்த எருதோட கன்னுன்னு சொல்லுவே. இன்னைக்கு என்ன ஆச்சு?"

"பனி கண்ணைக் கூசுது."

"பனியே இல்லையே!"

யகோதாவின் காது சிவந்தது. டிசம்பரிலிருந்து சொல்லாமல் வைத்திருந்ததை இனி மறைக்க ஓர் எண்கூட மிச்சமில்லை.

"நாற்பத்தேழுதான். முதல் தடவையே தெரியும்" என்றாள். "எவரெட், ஊருக்குப் போகாதீங்க. என்கூட இங்கேயே இருந்துடுங்க."