பெரியேரியை அளக்கச் சொன்னவள்

“வேலி போடறதுக்கு முன்ன ஏரிய அளக்கணுங்க.”

சொல்லவே கூடாதென்று பெற்ற தந்தை இருமுறை எச்சரித்திருந்த அச்சொல்லை, இரு கரையாரும் கூடிய அவைநடுவே எழுந்து நின்று அன்பரசி சொல்லிவிட்டாள்.

வைகாசி வெயில் உச்சி கடந்து மேற்கே சாயத் தொடங்கியிருந்த வேளை அது. மாரண்டஹள்ளிக்கு மேற்கே, தருமபுரி, கிருட்டிணகிரி என்னும் இரு மாவட்டங்களின் எல்லைக்கோடு தன் நடுவயிற்றில் ஓடக் கிடக்கும் அந்நீர்நிலையை வடகரையார் தம் கன்னட மொழியில் தொட்டகெரே என்பர். தென்கரையார் பெரியேரி என்பர். பெருமை பெயரில் மட்டுமே எஞ்ச, பாளம் பாளமாய் வெடித்த சேற்றுத் தரையும், அதன்மேல் வாய்பிளந்து வெளுத்த நத்தை ஓடுகளும், நடுவே நோயுற்ற கண்போல் கலங்கிய ஒரு குட்டையும், அக்குட்டையை நாற்புறமும் நெருக்கி நின்ற தக்காளிக் கொல்லைகளும் தென்னந்தோப்புகளும் அன்றி ஆங்குக் காண வேறொன்றுமில்லை. கற்றறிந்தவரே, அப்பசுமை கண்டு மகிழ்ந்துவிடாதீர். தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தில் நின்ற பசுமை அது.

மூன்றாண்டுகளாக இரு கரை மக்களும் கூடிச் சீமைக்கருவேலத்தை வேரொடு பறித்தனர். மதகின் அடைப்பை நீக்கினர். கரைநெடுகப் பனங்கொட்டை ஊன்றினர். முள் கிழித்த கைகளால், களியென்று இவரும் முத்தெயென்று அவரும் சொல்லும் ஒரே உருண்டையைப் பகிர்ந்துண்டனர். இரு மொழியும் எழுத வல்லவளும் தன் குடியில் முதற்பட்டம் பெற்றவளுமான அன்பரசியே அவ்விரு கரைக் குழுவின் செயலாளர்.

அன்று பள்ளிக்கூடக் கட்டடத்தில் அவளை எழுதச் சொன்ன முடிவோ, பணி நிறைவுற்றது, இப்போது நீர் தேங்கும் இடத்தைச் சுற்றி வேலியிட்டு அதையே ஏரியின் எல்லையாக்குவது என்பதாகும். பழைய நிலப் பதிவேட்டில் உள்ள ஏரியில் மூன்றில் ஒரு பங்கே அவ்வேலிக்குள் அடங்கும். அவள் எழுதி ஒப்பமிட்டால், எஞ்சிய இரு பங்கும் உழுது உண்டவர்க்கே என்றென்றும் உரியதாகிவிடும்.

வடகரையார் விளங்காதவர்போல் விழித்தனர். “கெரே அளத்தெ மாடி” என்று அவர்தம் மொழியிலும் சொன்னாள். அளவை என்னும் சொல் இரு மொழிக்கும் உறவாகையால், விளங்கவில்லையெனத் தப்ப எவர்க்கும் வழியில்லாது போயிற்று. வடகரைத் தலைவர் புட்டசாமி தென்கரைத் தலைவர் மாரப்பனை நோக்கினார். அத்தோப்புகள் அவ்விருவருடையவை.

மாரப்பன் சினந்தாரில்லை, சிரித்தார்.

“பாப்பா, கயிறு போட்டா முதல்ல போவறது யாரு கொல்லைன்னு வூட்ல கேட்டுக்கிட்டு வந்தியா? உன்னக் காலேசுக்கு அனுப்புனதே அந்த ஏரித் தக்காளிதான்.”

அவை நகைத்தது. அவர் கூறியது பொய்யன்று, கொடுமையே அதுதான். செருப்புகள் குவிந்த வாயிலருகே கடைவரிசையில் அமர்ந்திருந்த அவள் தந்தை மாது, ஏரிக்குள் அரைக்காணி திருத்தியவர். அதுவன்றி அக்குடிக்கு ஒருபிடி மண்ணில்லை. அளவை நடந்தால் தோப்புகளைக் காக்க வழக்குமன்றத்துத் தடையாணை வரும். மாதுவின் செடிகளுக்கோ மண்வாரும் பொறிதான் வரும். இதை அவளும் அறிவாள்.

மாது எழுந்தார். “அம்மா அன்பு, கையெழுத்துப் போட்டுட்டு வாம்மா. மீதிய நாம வூட்ல பேசிக்கலாம்.” மகளிடம் அன்றுவரை இரந்தறியாத குரல் அது.

“பேச ஒண்ணுமில்லப்பா. திங்கக்கெழமையே ரெண்டு கலெக்டர் ஆபீசுலயும் மனுக் குடுத்துட்டேன். ஏரிய வளைச்சவங்கன்னு முதல் பேரா உன் பேரத்தான் எழுதியிருக்கேன். அடுத்த ரெண்டு பேரும் முன்வரிசையில உக்காந்திருக்காங்க.”

நகைப்பு அடங்கிற்று. இம்மாவட்ட அதிகாரிகள் அம்மாவட்டத்தைக் கைகாட்டுவர், அவர் இவரைக் கைகாட்டுவர், அதற்குள் குட்டையும் வற்றும் என்பதும், தன் இல்லத்து அடுப்பே முதலில் அணையும் என்பதும் தெரிந்தே எழுதிய மனு அது.

எழுதாத ஏட்டை மேசைமேல் மூடி வைத்தாள். வாயிலில் தந்தையின் காலருகே குனிந்து தன் செருப்பைத் தேடி எடுத்தாள். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எழுதத் தெரிந்த வேறொருவர் யாரென்னும் பேச்சு இரு மொழியிலும் ஒருங்கே எழுந்தது. மூன்றாண்டில் ஒருநாளும் அவ்விரு கரையார் அத்துணை ஒருமித்ததில்லை. அறத்தின் பக்கம் நிற்பாரை உலகம் கைவிடாது என எழுதி முடிக்கவே நாம் விழைகின்றோம். ஆயின் அவள் படியிறங்கி வெயிலில் நடந்தபோது உடன் எழுந்தவர் ஒருவருமிலர். அவளும் திரும்பிப் பார்த்தாளில்லை.