மண்டித் தராசில் மருமகள்

"பாப்பா வயித்துலதானே இருக்குது? அப்புறம் ஏன் சித்திக்குக் கண்ணு, கன்னம், காலெல்லாம் குண்டாவுது?"

உண்ணாமுலை என்கிற ஐந்து வயதுச் சிறுமி இப்படிக் கேட்டபோது வீட்டில் பெரியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். இரண்டு பேர் சிரித்தார்கள். ஒருத்தி தலையைக் குனிந்துகொண்டாள். பதில் சொன்னவர் யாருமில்லை. குழந்தையின் கேள்விக்குச் சிரிப்பையே பதிலாகக் கொடுத்துப் பழகிய வீட்டில் வேறென்ன எதிர்பார்க்க முடியும்?

சிரித்தவர்களில் மூத்தவள் ராஜம்மாள். திருவண்ணாமலையில் கடலைக்காய் மண்டி வைத்திருந்தவரின் விதவை. மண்டி முன்னால், வீடு பின்னால். இன்னொருத்தி அவளுடைய மூத்த மருமகள் சந்திரம்மாள், உண்ணாமுலையின் தாய். தலையைக் குனிந்துகொண்டவள் இளைய மருமகள் தனம். அவளுக்கு ஏழு மாதம்.

ராஜம்மாளுக்கு இரண்டு தெய்வங்கள். ஒன்று மலையாக நிற்கிற அண்ணாமலையார். மற்றது மண்டியில் மூட்டை நிறுக்கிற இரும்பு மேடைத் தராசு. அவளுடைய தங்கை தலைப்பிரசவத்தில் செத்துப்போனாள். பிள்ளை பெரிசு, அதனால்தான் என்று யாரோ சொன்னார்கள். அன்றிலிருந்து அவள் வீட்டில் ஒரு சட்டம். சிறுகப் பெற்றுப் பெருக வளர்க்க வேண்டும். வயிற்றுப் பிள்ளைக்காரி அரை வயிற்றுக்கு மேல் சாப்பிடக் கூடாது. அமாவாசைக்கு அமாவாசை மண்டிக்கு விடுமுறை. மண்டி ஆட்கள் இல்லாத அந்த மத்தியானத்தில் மருமகளைத் தராசில் ஏற்றி நிறுத்துப் பார்ப்பாள். துக்கத்தில் பிறந்த சட்டம்தான். ஆனால் துக்கத்தில் பிறந்ததெல்லாம் தர்மமாகிவிடாது. ஒரு மனுஷியைக் கடலைமூட்டை போல நிறுத்துவிட்டு, கையோடு கற்பூரமும் ஏற்றிக் கும்பிட்ட வீடு அது.

"பெரியவளப் பாரு. ஒரு வாய்க் கஞ்சியில புள்ள பெத்தா. தராசு முள்ளுக்கே வலிக்காது, அவ ஏறி நின்னா. அவ பொம்பள!" என்று ராஜம்மாள் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். சந்திரம்மாள் அந்தப் புகழை முந்தானையில் முடிந்து வைத்திருந்தாள். மெலிந்த தன் கைகளை அவளே அடிக்கடி பார்த்துக்கொள்வாள். பருத்தவர்களைக் கண்டால் அவள் உதடு தானாகக் கோணும்.

அதிலும் பின்வீட்டு பீபி ஜானைக் கண்டால் கேட்கவே வேண்டாம். ஜட்கா ஓட்டுகிற ஜானி பாஷாவின் மனைவி அவள். நாலு பிள்ளை பெற்று நல்ல பருமனாக இருப்பாள். தெருவில் அவள் நடந்து வந்தால் சந்திரம்மாள் மாமியார் காதில் விழும்படி சொல்வாள்: "பாருங்க அத்தை, தேர் நிலையை வுட்டுக் கிளம்பிடுச்சி."

பீபி ஜானுக்கும் அது காதில் விழும். "கிளம்பிடுச்சி சந்திரா. வடம் புடிக்க ஆள் கம்மியா கீது, நீ வாயேன்!" என்று சிரித்துக்கொண்டே போவாள்.

அவளுக்கு மட்டும் அப்படிச் சிரிக்க உரிமை இருந்தது. ஏனென்றால், உண்ணாமுலை வயிற்றிலிருந்தபோது சந்திரம்மாள் ஒரு வாய்க் கஞ்சியில் வாழவில்லை. பசி தாங்காமல் கொல்லையில் முருங்கைக் கீரையைப் பச்சையாக மென்றுகொண்டிருந்தவளைச் சுவருக்கு அந்தப்பக்கத்திலிருந்து பீபி ஜான் பார்த்துவிட்டாள். மறுநாளிலிருந்து தினமும், ராஜம்மாள் பகல் தூக்கம் போடுகிற நேரத்தில், குட்டைச் சுவரின்மேல் ஒரு பீங்கான் கிண்ணம் வந்து உட்கார்ந்தது. நீலப் பூப்போட்டது, விளிம்பில் ஒரு சில்லுப் பெயர்ந்தது. பாலில் ஊறிய ரொட்டியோ, நெய்விட்ட பருப்புச் சோறோ அதில் இருக்கும். சந்திரம்மாள் சைவம் என்பதை மறக்காமல் சமைத்த சோறு. அப்படித் தின்றும் ஒட்டிய உடம்பு ஒட்டியபடியே இருந்தது. தின்றதெல்லாம் பிள்ளைக்குப் போயிற்று.

கிண்ணம் வந்த கடைசி நாள் ராஜம்மாள் திடுதிப்பென்று கொல்லைக்கு வந்தாள். சந்திரம்மாள் கிண்ணத்தை முந்தானைக்குள் மறைத்தாள். அன்று சாயந்திரமே வலி கண்டுவிட்டது. கிண்ணம் பரண்மேல் ஒரு செப்புக் குடத்துக்குள் போனது, திரும்பவேயில்லை. வீட்டுக்குள் வந்துவிட்ட பாத்திரத்தை வெறுமையாகத் திருப்பித் தரக் கூடாது. நிறைத்துத் தந்தால், ஏன் எதற்கு என்று வீடு கேட்கும். பாய் வீட்டுச் சோற்றைத் தின்றவள் என்று தெரிந்தால் உத்தம மருமகள் பட்டம் என்ன ஆகும்? அதனால் அவள் கிண்ணத்தை மறந்தாள். கிண்ணத்தை மறக்கச் சுலபமான வழி, கொடுத்தவளை இளக்காரம் செய்வது. உண்ட சோற்றுக்கு நன்றி சொல்லக் கூசுகிறவர்கள் எல்லாரும் பிடிக்கிற குறுக்குவழி அது.

இப்போது தனத்தின் முறை. புரட்டாசி அமாவாசையில் தராசுத் தண்டில் எடைக்கட்டை ராஜம்மாள் நினைத்ததற்கு மேல் நகர்ந்தது. அன்றே ராத்திரிச் சோறு நின்றது. அரிசி பருப்பு வைக்கிற உக்கிராண அறைக்குப் பூட்டு விழுந்தது. ஐப்பசி அமாவாசை தீபாவளி நோன்பன்று வந்தது. வீட்டுப் பெண்கள் எல்லாரும் விடியலிலிருந்து பட்டினி. அதிரசம் சுட்ட கையோடு ராஜம்மாள் தனத்தைத் தராசில் ஏற்றினாள். கட்டையைத் தள்ளினாள். இன்னும் தள்ளினாள்.

"அடிப்பாவி! பட்டினி கிடக்கிற நாள்லயும் ஏறுதுன்னா, இது எந்த ஊரு பட்டினிடி?"

"சத்தியமா நான் எதுவும் தின்னலீங்க அத்தை. அண்ணாமலையார் மேல ஆணை."

"சாமிய இழுக்காத. பூனை கூடக் கண்ண மூடிக்கினுதான் திருடும். நீ அதையும் மூடறது இல்ல."

"கண்ணு எங்க அத்தை மூடறது? கன்னம் வந்து முட்டுதே" என்றாள் சந்திரம்மாள். இருவரும் சிரித்தார்கள்.

தனத்தின் புருஷன் வேடியப்பன் வாசலில் நின்றிருந்தான். செங்கம் பக்கம் ஊர் ஊராகப் போய்க் கடலைக்காய் வாங்குகிறவன். மூட்டைக்குள் கைவிட்டு ஒரு பிடி அள்ளினால் போதும், சொத்தை எவ்வளவு, பருப்பு எவ்வளவு என்று சொல்லிவிடுவான். பெண்டாட்டியின் முகத்தைப் பார்த்து ஒன்றும் சொல்லத் தெரியவில்லை. "அம்மா சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினான். எழுபத்தெட்டாம் வருஷத்தில் நல்ல விளைச்சல். அவனுக்கு வேலை ஜாஸ்தி.

தனம் எங்கே தின்கிறாள் என்று ராஜம்மாளுக்குத்தான் புரியவில்லை. சந்திரம்மாளுக்கு நன்றாகவே புரிந்தது. பூட்டுப்போட்ட வீட்டுக்குள் சோறு வருகிற வழி அவளுக்குத் தெரியாதா? கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று அவள் கொல்லைக்குப் போனாள். குட்டைச் சுவருக்கு அந்தப்பக்கம் பீபி ஜான் கோழிகளுக்கு நொய் இறைத்துக்கொண்டிருந்தாள்.

"எவ்ளோ நாளா நடக்குது இது?"

"எது கண்ணு?"

"எங்க சின்னவளுக்குச் சோறு போடறது. எனக்குத் தெரியாதுன்னு நெனச்சியா பீபிக்கா?"

பீபி ஜான் நொய்க் கூடையைக் கீழே வைத்தாள். அவள் முகத்தில் சிரிப்பில்லை.

"போட்டிருந்தா நல்லா இருந்திருக்கும். மூணு வாட்டி கிண்ணத்தை நீட்டினேன். வாங்க மாட்டேன்னுட்டா அந்தப் பொண்ணு. 'பெரிய அக்கா ஒரு வாய்க் கஞ்சியிலயே இருந்தாங்களாம், என்னால முடியாதா'ன்னு என்கிட்டயே கேக்குது. நான் இன்னா பதில் சொல்லட்டும், சந்திரா?"

சந்திரம்மாள் முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள்.

"நான் உன்னக் காட்டிக் குடுக்கல" என்று சேர்த்துச் சொன்னாள் பீபி ஜான். "அந்தப் பொண்ணு மூஞ்சி எனக்குச் சரியாப் படல. பாத்துக்கோ."

சந்திரம்மாள் உள்ளே திரும்பினாள். தனம் தின்னவில்லை. ஆனாலும் ஏறுகிறது. அப்படியானால் ஏறுவது என்ன?

பின்னறையில் உண்ணாமுலையின் குரல் கேட்டது. தனம் பாயில் சுவரோரம் சாய்ந்து கிடந்தாள். நீட்டிய அவள் காலருகே குழந்தை உட்கார்ந்து, கட்டைவிரலால் கணுக்காலுக்கு மேல் வரிசையாக அழுத்திக்கொண்டிருந்தது. அழுத்திய இடமெல்லாம் குழி விழுந்தது, விழுந்த குழி எழவில்லை. ஒவ்வொரு குழியிலும் ஒரு புளியங்கொட்டையை வைத்தது.

"அம்மா, பாரேன்! சித்தி கால்லயே பல்லாங்குழி!"

"வுடுங்கக்கா, வெளாடட்டும்" என்றாள் தனம், கண்ணைத் திறக்காமலே. "கால் வலிக்கல. தலைதான் பொளக்குது. கண்ணு முன்னால பூச்சி பூச்சியாப் பறக்குது."

சந்திரம்மாள் குனிந்து தன் விரலை அந்தக் காலில் வைத்து அழுத்தினாள். பிசைந்த மாவில் அழுத்தியதுபோல் இருந்தது. கொழுப்பில் குழி நிற்குமா? இது சதையில்லை, நீர். குழந்தை இத்தனை நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தது இதைத்தான்.

ராஜம்மாள் நோன்பு அதிரசத்தைப் படைக்கக் கோயிலுக்குப் போயிருந்தாள். அவள் வந்து சம்மதிக்கும்வரை காத்திருந்தால் சம்மதம் வராது. வாதாட வேண்டும். வாதாடினால், "நீ மட்டும் கஞ்சியில பெக்கலையா?" என்ற கேள்வி வரும். அதற்குப் பொய்யும் சொல்ல முடியாது, மெய்யும் சொல்ல முடியாது. ஒரு நிமிஷம் சந்திரம்மாள் அப்படியே நின்றாள். ஒரு பக்கம் ஊர் புகழ்கிற தன் பெயர், மறுபக்கம் காலில் புளியங்கொட்டையோடு கிடக்கிற பெண். அந்த நேரத்தில் இவ்வளவு யோசித்ததே அவமானம்தான். ஆனாலும் யோசித்து முடித்தாள். சுவருக்கு மேல் எட்டிக் கூப்பிட்டாள்.

"பீபிக்கா! பாஷா பாய் வண்டி இருக்குதா?"

ஜட்கா ஆஸ்பத்திரி வாசலில் நின்றபோது தனத்துக்குப் பேச்சே குழறிக்கொண்டிருந்தது. பெண் டாக்டர் கையில் பட்டை கட்டி ரத்த அழுத்தம் பார்த்தார். காலை அழுத்திப் பார்த்தார். முகம் கறுத்தது.

"பிரஷர் இவ்வளவு ஏறியிருக்கு. இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா வலிப்பு வந்திருக்கும், தாயும் இல்ல, பிள்ளையும் இல்ல. சரியா சாப்பிடுறாளா?"

"இல்லீங்க டாக்டரம்மா. குடுக்கல."

"ஏன் குடுக்கல?"

சந்திரம்மாள் வாயைத் திறப்பதற்குள் நெற்றி நிறைய விபூதியோடு ராஜம்மாள் உள்ளே வந்தாள். யாரோ ஜட்காவைப் பார்த்துச் சொல்லியிருக்கிறார்கள். வந்தவள் டாக்டரிடமே ஆரம்பித்தாள்.

"திருடித் திருடித் தின்னு ஒடம்ப வளத்துக்கினா, இப்ப ஆஸ்பத்திரின்னா எப்படிங்க? இதோ நிக்கிறாளே என் பெரிய மருமக, ஒரு வாய்க் கஞ்சியில..."

"இல்லீங்க அத்தை."

"இன்னாடி இல்ல?"

"நான் கஞ்சியில பெக்கல. தினமும் கொல்லைச் செவுத்தாண்ட நின்னு தின்னேன். பீபிக்கா போட்டாங்க. உண்ணாமுலை அந்தச் சோத்துல பொறந்த புள்ள. இவ பொய் சொல்லல. நான்தான் அஞ்சு வருஷமாப் பொய்யி."

ராஜம்மாள் அவளை மேலும் கீழும் பார்த்தாள். அழுகல் மூட்டையைத் தன் மண்டியில் இறக்கிவிட்டார்கள் என்பது போன்ற பார்வை. "பாய் வூட்டுச் சோறா?" என்றாள். "அதான் உன் பொண்ணுக்கு வாய் இவ்ளோ நீளம்" என்று முடித்தாள்.

டாக்டர் அந்தப் பேச்சில் கலந்துகொள்ளவில்லை. "உப்பைக் குறைங்க, சோத்தைக் குறைக்காதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு தனத்தைப் படுக்கையில் சேர்க்கச் சொன்னார்.

தனம் ஆஸ்பத்திரியிலேயே கிடந்தாள். சந்திரம்மாள் வேளை தவறாமல் பாலும் பயறும் பருப்புச் சோறும் கொண்டுபோய்த் தன் கையால் ஊட்டினாள். கார்த்திகை பிறந்து சில நாளில், மாதம் முழுசாக நிறையாமலே ஒரு பெண் குழந்தை பிறந்தது. நர்ஸ் அதைத் துணியில் சுற்றிச் சின்னத் தராசில் வைத்தபோது ராஜம்மாள் பக்கத்தில் நின்றாள். ஆயுள் முழுக்க முள் ஏறக் கூடாது என்று வேண்டிக்கொண்டவள், அன்று, "ஏறு, ஏறு, அண்ணாமலையாரே, இன்னும் கொஞ்சம் ஏத்துப்பா" என்று வாய்விட்டு முணுமுணுத்தாள். முள் கொஞ்சம்தான் ஏறியது. ஆனால் போதுமான அளவுக்கு ஏறியது. அவள் யாரிடமும் மன்னிப்புக் கேட்கவில்லை. அப்படிப்பட்டவர்கள் கேட்பதில்லை. அடுத்த அமாவாசையில் மண்டித் தராசின்மேல் காலிச் சாக்குகளை அடுக்கி வைத்தாள். அவளிடம் எதிர்பார்க்கக் கூடியது அவ்வளவுதான்.

கார்த்திகைத் தீபத்தன்று தனமும் குழந்தையும் வீட்டிலிருந்தார்கள். பொழுது சாய்கிற நேரம். ஊர் முழுவதும் தெருவிலும் மாடியிலும் நின்று மலை உச்சியையே பார்த்துக்கொண்டிருந்தது. ராஜம்மாள் உண்ணாமுலையைத் தோளில் தூக்கிக்கொண்டு வாசலில் நின்றாள். ஜானி பாஷா வெளியூர்க்காரர்களை ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். பீபி ஜானும் தன் பிள்ளைகளோடு தெருமுனைக்குப் போயிருந்தாள்.

சந்திரம்மாள் நினைவு தெரிந்த நாளிலிருந்து தீபம் ஏற்றுகிற கணத்தைத் தவறவிட்டதில்லை. "சின்னவளுக்குத் துணை வேணும்" என்று சொல்லி அன்று உள்ளேயே நின்றுகொண்டாள். தனமும் குழந்தையும் தூங்கிப்போயிருந்தார்கள். பரண்மேல் ஏறிச் செப்புக் குடத்துக்குள் கைவிட்டாள். நீலப் பூக் கிண்ணத்தைச் சாம்பல் போட்டுக் கழுவித் துடைத்தாள். வெல்லப்பாகு இன்னும் சூடாயிருந்த பொரி உருண்டைகளை விளிம்பு நிறைய அடுக்கினாள். சில்லுப் போன இடத்தில் ஒன்று நிற்காமல் உருண்டது. அதை எடுத்து மேலே வைத்தாள்.

கொல்லைக்கு வந்து குட்டைச் சுவரின்மேல் பழைய இடத்திலேயே கிண்ணத்தை வைத்தாள். முதுகுக்குப் பின்னால் ஊரே "அரோகரா!" என்று முழங்கியது. சுவரின் பாசி ஒரு கணம் மஞ்சளாகத் தெரிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை. கோழிகள் வந்து கொத்தாதபடி கிண்ணத்தின்மேல் ஒரு வாழையிலையை மூடி, இலைமேல் ஒரு சின்னக் கல்லை வைத்துவிட்டு உள்ளே போனாள். குழந்தை விழித்துக்கொண்டிருந்தது.