தாய்வழிப் பெயர்

நர்ஸ் சுல்மா டாரியாவின் வயிற்றில் நாடாவை வைத்து இரண்டாம் முறையும் அளந்தாள். எட்டாம் மாதத்துக்கு ஆறு சென்டிமீட்டர் குறைவு. போன மாதமும் இதே அளவுதான்.

"நாள் தள்ளிப்போன தேதியைத் தப்பாச் சொல்லியிருப்ப," என்று அட்டையைப் புரட்டி, டாரியாவின் இரண்டு குடும்பப் பெயர்களையும் படித்தாள். "அப்பா வழி கலிசாயா, அம்மா வழி டிகோனா. ரெண்டு பக்கமும் மலைக்காரங்க. உங்க ரத்தத்தை இந்த உயரம் என்ன பண்ணும்? ரெண்டு வாரம் கழிச்சு வா."

"அப்படிச் சொல்லு தாயி!" மாமியார் எவுசேபியா மடியில் தொப்பியை வைத்துக்கொண்டு சிரித்தாள். "இவ என்ன கீழ்நாட்டுக்காரியா, நாலு படி ஏறினா நாக்குத் தள்ள?"

டாரியாவைப் பெண் கேட்டு வந்த அன்று எவுசேபியா முதலில் விசாரித்ததே அந்த இரண்டாவது பெயரைத்தான். அது சித்தியின் பெயர். டாரியாவைப் பெற்றவள் கீழே, பெனி சமவெளியில் பிறந்து, பிரசவத்திலேயே போய்ச் சேர்ந்தவள். கைக்குழந்தையோடு மலை உச்சி நகரமான எல் ஆல்டோவுக்கு ஏறிவந்த அப்பா, புது மனைவியின் பெயரையே தாய்ப்பெயராகப் பதிவேட்டில் எழுதிவிட்டு, யாரிடமும் மூச்சு விடாதே என்று மகளிடம் சத்தியம் வாங்கியிருந்தார்.

பக்கத்து வீட்டுக் கீழ்நாட்டு மருமகளுக்கு எட்டாம் மாதம் வயிற்றிலேயே பிள்ளை போனது. தாய்வழி ரத்தம் மலைக்குப் பழகியதாக இல்லாவிட்டால் சில கருக்களுக்குக் காற்று போதாது, வளராது என்று சுல்மாதான் அன்று சொன்னாள். "அந்த ரத்தத்தை எவன் வீட்டுக்குள்ள விடச் சொன்னான்?" என்று எவுசேபியா தெரு முழுக்கக் கேட்டாள்.

இன்று காலையிலிருந்து டாரியாவின் பிள்ளை ஒருமுறைகூட உதைக்கவில்லை. சொன்னால் வீடு போகும். சொல்லாவிட்டால்? சுல்மா பேனாவை மூடிக்கொண்டிருந்தாள்.

"டிகோனா எங்க அம்மா இல்ல," என்றாள் டாரியா. "பெத்தவ பெனிக்காரி. பிள்ளை காலைலேருந்து அசையல."

சுல்மா இதயத்துடிப்பு கேட்கும் கருவியை வயிற்றில் அழுத்தித் தேடினாள். ஒன்றும் கேட்கவில்லை. இடம் மாற்றினாள். அப்போதும் இல்லை. டாரியா கட்டிலின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டு, தெரிந்த சாமிகளை எல்லாம் கூப்பிட்டாள். கடைசியில் எங்கோ ஆழத்தில் துடிப்பு கேட்டது. மெதுவாக, விட்டுவிட்டு.

ஆம்புலன்ஸ் கீழே லா பாஸ் நகரை நோக்கி இறங்கியபோது எவுசேபியா சன்னல் வழியே ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

பெரிய ஆஸ்பத்திரியில் உடனே வயிற்றைக் கீறி எடுத்தார்கள். பெண் குழந்தை. ஒன்றேகால் கிலோ. கண்ணாடிப் பெட்டிக்குள் மூச்சு ஓடிக்கொண்டிருந்தது.

எவுசேபியா பிள்ளையைப் பார்த்துவிட்டுக் கட்டிலருகே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன.

"அத்தே, என்னைத் துரத்திடாதீங்க."

"ஒரு மாசமா வளராம கெடந்திருக்கு. நீ வாயே தொறக்கல." எவுசேபியா கட்டிலோரம் உட்கார்ந்தாள். "பிள்ளை போறதைவிட என்னைப் பாத்தா அம்புட்டுப் பயமாடி உனக்கு?"

டாரியா பொய் சொல்லவில்லை. ஆமாம் என்று தலையாட்டினாள்.